படகுக்கு வந்த பாவாடை

எங்கள் எஸ்டேட்டில் ஆற்றைக் கடந்தவர்கள் ஏராளம். ஆற்றோடு போனவர் எவருமில்லை. போயிருந்தால் எப்படி இருந்தது என்று திரும்பி வந்து சொல்லவில்லை. பள்ளிவாசல் என்கிற மலையூருக்குக் கீழே, தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே, பாறைக்குப் பாறை மோதிக்கொண்டு இறங்கும் அந்த ஆற்றை எங்கள் ஜனங்கள் ஒரு தொந்தரவாகவே நினைத்தார்கள். பாலம் வரை சுற்றி நடக்க வைக்கிற தொந்தரவு. எனக்கு மட்டும் அது ஒரு பாதையாகத் தெரிந்தது. பாலத்தடியிலிருந்து கீழ் டிவிஷன் மடு வரை வெள்ளை நுரையாகக் கிடக்கும் அந்தப் பாதையில் ஒரு தரமாவது போய்விட வேண்டும் என்பது என் ஆசை. போடியில் பள்ளிப் படிப்பை முடித்து எஸ்டேட் ஸ்டோரில் எழுத்து வேலைக்கு வந்த பிறகும் அது குறையவில்லை. ஸ்டோர் ஜன்னலிலிருந்து ஆறு தெரிந்ததால் கொஞ்சம் கூடியே விட்டது.

இப்படி இருக்கையில் எங்கள் வெள்ளைக்காரத் துரைக்கு ஒரு படகு வந்தது. இரண்டு மூட்டைகளில்.

மடக்குப் படகு. அதைப் பிரித்தால் மூட்டை, பூட்டினால் படகு. போடியிலிருந்து மலைக்குச் சரக்கு ஏற்றுகிற கம்பி ரோப்பில் தொங்கிக்கொண்டு வந்தபோது ஒரு மூட்டையின் வாய் பிரிந்துவிட்டது. அதே நாள், அதே ரோப்பில், மழைக்காலத்துக்கான புதுப் படங்குகளும் வந்திருந்தன. படங்கு என்பது கொழுந்து பறிக்கிற பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற முரட்டுத் துணி. நனைந்த செடி வயிற்றிலும் தொடையிலும் உரசாமல் காப்பது. இரண்டு சரக்கும் கலந்து கிடந்ததை ஸ்டோர் பெரியவர் தம் அறிவுக்கு எட்டியபடி பிரித்தார்: மரமும் பித்தளையும் பெரிய துணியும் துரைக்கு, இடுப்பளவுத் துணியெல்லாம் தோட்டத்துக்கு. நான் அன்று காய்ச்சலில் படுத்திருந்தேன். நான் இருந்திருந்தாலும் என் பிரிப்பும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று ஸ்டோர் பெரியவர் இன்றைக்கும் சாதிக்கிறார்.

துரைக்குப் படகு விடத் தெரியும், பூட்டப் பொறுமை கிடையாது. கூட வந்த இங்கிலீஷ் புத்தகத்தை என்னிடம் வீசினார்.

"நீ படிச்ச ஆள். இதைப் பூட்டு. நீ பூட்டினா, முன்னாடி சீட்டு உனக்கு" என்றார்.

அந்தப் படகில் இரண்டு பேர் போகலாம். எனக்குக் காய்ச்சல் அந்த நிமிஷமே விட்டுப்போயிற்று.

பங்களாத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பூட்டினேன். நீளச் சட்டங்கள், அவற்றை வளைத்துப் பிடிக்கும் விலா வளையங்கள், வளையத்துக்கு வளையம் பித்தளைப் பூட்டு, மேலே கித்தான், கீழே ரப்பர் பூசிய தோல். வேடிக்கை பார்க்க வந்த கங்காணி, "என்ன தம்பி, துரை மாட்டைத் தின்னுட்டு எலும்பை உங்கிட்டக் குடுத்துட்டாரா?" என்று கேட்டுவிட்டுப் போனார். துடுப்புதான் என்னை மயக்கியது. இரண்டு பக்கமும் இலை வைத்த துடுப்பு. நடுவில் பித்தளைக் குழலில் செருகித் திருகினால் ஒன்றாகும். ஒரு இலை தண்ணீரைத் தள்ளும்போது மற்றது காற்றை வெட்டிக்கொண்டு முன்னால் வர வேண்டுமாம். அதற்காக இரண்டையும் ஒன்றுக்கொன்று குறுக்காகத் திருப்பி மாட்டச் சொல்லியிருந்தது. அந்த யோசனை எவனுக்குத் தோன்றியதோ, அவனுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

என் சொந்தச் சாமான்களையும் சேர்த்தேன். மிதக்கும் சட்டைக்கு உள்ளே அடைப்பது இலவம்பஞ்சு என்று புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. இலவ மரம் மண்டிய போடிப் பக்கத்து ஆளிடம் போய் இலவம்பஞ்சைப் பற்றிச் சொல்ல இங்கிலீஷ் புத்தகம்! அம்மாவின் தலையணையைப் பிரித்து, மாவுச் சாக்கில் வரிவரியாகத் தைத்து அடைத்தேன். மிதந்தது. அம்மா அன்றிரவு கையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டு, "ஆத்துல போறவனுக்குத் தலகாணி, வீட்டுல கெடக்கவளுக்குக் கட்டாந்தரை" என்று கூரையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். தலைக்கு ஓட்டைக் கொழுந்துக் கூடையின் அடிப்பாகத்தை அறுத்து உள்ளே கம்பளித் துண்டு வைத்தேன். துரையின் பழைய கான்வாஸ் சப்பாத்து என் காலுக்குப் பெரிது. பாறையில் வழுக்காமலிருக்க அடியில் தேங்காய்நார்க் கயிற்றைச் சுற்றினேன்; அளவும் சரியாயிற்று.

எல்லாம் முடிந்த பிறகுதான் ஒன்று குறைவது தெரிந்தது. உட்காருகிறவன் இடுப்புக்கும் படகின் வாய்க்கும் நடுவே தண்ணீர் புகாமல் மூட ஒரு துணி உண்டு. புத்தகத்தில் அதற்குப் பாவாடை என்றே பெயர். மேலே இடுப்பைப் பிடிக்கும். கீழே அதன் கம்பி வளையம் படகு வாயின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். முன்பக்கம் ஒரு தோல்வார் தொங்கும். படகு கவிழ்ந்தால் வாரை இழுக்க வேண்டும். பாவாடை கழன்று ஆள் வெளியே வந்துவிடலாம். சீட்டுக்கு ஒன்றாக இரண்டு பாவாடைகள் இருக்க வேண்டும். படகுத் துணிக்குள் சுருண்டு கிடந்தது ஒன்றே ஒன்று.

துரை அதைத் தம் தோளில் போட்டுக்கொண்டு, "பாவாடை இல்லே, சவாரி இல்லே. முன்னாடி மணல் மூட்டை வைக்கலாம். மூட்டை நனைஞ்சா அழாது" என்றார்.

மாதக் கடைசியில் அவர் லீவில் சீமைக்குப் போகிறார். படகும் கூடப் போகிறது. ஆற்றில் தண்ணீர் அளவாக இறங்கியிருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமைதான் நாள். அதை விட்டால் எனக்கு ஆறு வெறும் ஜன்னல் காட்சிதான்.

மறுநாள் மாலை கொழுந்து நிறுக்கிற கொட்டகையில் நின்றிருந்தேன். பெண்கள் கூடையோடு வரிசையாக வந்தார்கள். எல்லாருடைய படங்கும் நனைந்து, கனத்து, காலோடு ஒட்டிக்கிடந்தது. ஒருத்தியின் படங்கில் மட்டும் மழை முத்துமுத்தாக உருண்டு விழுந்தது. பாசிப்பச்சை நிறம், உள்ளே ரப்பர், கீழே வளையம் போட்டதுபோல் விறைப்பாக விரிந்து நின்றது. கட்டியிருந்தவள் என் மதினி. என் அண்ணன் பெண்சாதி. அப்போது ஆறு மாதக் கர்ப்பம்.

"மதினி, இது எங்க கெடச்சுது?"

"ஸ்டோர்லதான். நீங்க வேலை பாக்குற அதே ஸ்டோரு. பெரியவரு குடுத்தாரு. எல்லாருக்கும் சாக்கு, எனக்குப் பட்டு!"

"இது படங்கு இல்ல மதினி. படகோட பாவாடை."

மதினி குனிந்து பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற பெண்களிடம் திரும்பினாள். "கேட்டீங்களாடி? படகுக்குப் பாவாடையாம். அப்ப அதுக்குச் சட்டை, வளையலு எல்லாம் எங்க, கொழுந்தனாரே?"

கொட்டகையே சிரித்தது. கொழுந்து நிறுத்துக் கணக்கெழுதுகிற கண்டக்டர் ஐயா தராசை மறந்துவிட்டுச் சிரித்தார்.

"அது இல்லாட்டி என்னைத் துரை ஏத்த மாட்டாரு மதினி."

"இது இல்லாட்டி வயித்துல கெடக்குற உங்க அண்ணன் புள்ளைக்குச் சளி பிடிக்கும். காலைல தேயிலை நெரைக்குள்ள போனா, செடி நெஞ்சு வரைக்கும் நனைஞ்சு நிக்குது. சாக்குப் படங்கு ஒரு நாழி தாங்காது. ஈரத்துணிய வயித்துல கட்டிக்கிட்டு நாள் பூரா நின்னு பாருங்க, தெரியும். உங்களுக்கு ஒரு ஞாயித்துக்கெழமை. எனக்கு மழை முடியிற வரைக்கும்."

அவள் பக்கம்தான் நியாயம். ஆனால் ஆசைக்கு நியாயம் எப்போது புரிந்தது? இரண்டு புதுப் படங்கு தருகிறேன் என்றேன். "ரெண்டும் நனையும்" என்றாள். என் கம்பளியைத் தருகிறேன் என்றேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். சாக்குப் படங்கு ஒன்றில் மெழுகையும் விளக்கெண்ணெயையும் காய்ச்சிப் பூசி நானே ஒரு பாவாடை செய்தேன். தண்ணீர்த் தொட்டியில் முக்கியதும் தண்ணீர் உள்ளேயும் எண்ணெய் வெளியேயும் போய்விட்டது. நாங்கள் குடியிருந்த லயத்தில் அண்ணன் இதையெல்லாம் பார்த்து, "ஏலே, அவகிட்டக் கேட்டு வாங்குறதுக்கு நீ நீந்தியே போயிரலாம்" என்றான்.

நான் சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மதினிக்கே மனசு இளகியிருக்க வேண்டும். அல்லது என் முகத்தைப் பார்த்துச் சாப்பிட அவளுக்குப் பிடிக்கவில்லை.

"ஞாயித்துக்கெழமை கொழுந்து கெடையாது. அன்னிக்கு ஒரு நாள் தாரேன். ஒரே ஒரு தடவை. கிழியக் கூடாது. திங்கக்கெழமை காலைல பெரட்டுக்கு முன்னால காஞ்சு என் கைக்கு வரணும். கட்டி விடுறதும் நான்தான். நீங்க கட்டுனா பாதி ஆத்துல அவுந்து, மானம் போயிரும்."

"சரி மதினி, சரி மதினி" என்றேன். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் சரி என்றிருப்பேன்.

சனிக்கிழமை மாலை துரை ஒத்திகை வைத்தார். தினமும் காலையில் ஆட்களை எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்துப் புல்தரையில் படகைக் கொண்டு வந்து வைத்தாயிற்று. வேலை முடிந்த எஸ்டேட் பாதி சுற்றி நின்றது. மதினி பாவாடையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து, படங்கு கட்டுகிற முறைப்படியே எனக்குக் கட்டினாள். கயிறு இடுப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, செடியில் சிக்காதபடி முதுகுப் பக்கம் இறுக்கி முடிச்சு. நாள் முழுக்க அவிழாத முடிச்சு. நான் படகுக்குள் இறங்கினேன். கீழ் வளையத்தைத் துரையே விளிம்பில் மாட்டினார். கூடைத் தொப்பி, தலையணைச் சட்டை, கையில் துடுப்பு. உலகத்தில் எனக்கு மேல் ஒருவனில்லை.

"இப்ப படகு கவிழும். நீ வாரை இழு, வெளியே வா" என்றார் துரை. பட்லரும் அவருமாகப் படகைப் புரட்டினார்கள்.

நான் தலைகீழானேன். மூக்கு புல்லில். கை வாரைத் தேடியது. முன்னால் தடவினேன், பக்கத்தில் தடவினேன். வார் இல்லை. இடுப்பை உருவப் பார்த்தேன். மதினியின் முடிச்சு மதினியைப் போலவே அசையவில்லை. மேலே சிரிப்புச் சத்தம். யாரோ, "ஆமையைத் திருப்பிப் போட்ட மாதிரியில்ல இருக்கு" என்றார்கள். கங்காணி, "தம்பி, தண்ணி எப்படி? குளிருதா?" என்று கேட்டார். துரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர், கொஞ்ச நேரத்தில் அதைப் பைக்குள் போட்டுவிட்டார்.

கடைசியில் மதினிதான் வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல மண்டியிட்டு, முடிச்சை அவிழ்த்தாள். "இந்தா, அவசரப்படாதீங்க. எங்க ஓடப்போகுது ஆறு?"

"மதினி, முன்னால ஒரு தோல்வார் இருந்துச்சே?"

"அதுவா? செடியில மாட்டிக்கிட்டே இருந்துச்சு. அறுத்துக் கூடைக்குத் தலைப்பட்டையாப் போட்டுட்டேன். தலையில நல்லாப் பதியுது. மேல இருந்த ரப்பரும் வயித்தை இறுக்குச்சு, அதையும் கீறி விட்டுட்டேன்."

துரை சிரிக்கவில்லை. என்னைத் தூக்கி நிறுத்தி, முகத்திலிருந்த புல்லைத் தட்டிவிட்டார். "இது புல்லு. நாளைக்கு ஆறு. மதினி ஆத்துக்குள்ளே வந்து அவுக்க மாட்டா. நீ வேண்டாம்."

அவர் சொன்னது நியாயம். அதுதான் சங்கடம். அநியாயமாக இருந்திருந்தால் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன்.

லயத்துக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். மதினி கூடையை எடுத்து என் மடியில் போட்டாள். அதன் தலைப்பட்டையாக அந்த வார். "அறுத்துக்கோங்க. உங்க துரை என் முடிச்சைக் கொறை சொல்லிட்டாருல்ல? நாளைக்கு அவரு வாயை அடைக்கணும்."

வாரை எடுத்துப் பழைய இடத்தில் வைத்துத் தைத்தேன். மதினி என் தையலை விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். "கோழி நடந்த மாதிரி இருக்கு" என்று பிரித்துவிட்டு, ஊசியைத் தேங்காயெண்ணெயில் தோய்த்துத் தானே தைத்தாள். ஆனால் இடுப்பு? அவள் கீறியதை மூடித் தைத்தால் திங்கட்கிழமை அவள் வயிற்றை இறுக்கும். மூடாவிட்டால் எனக்கு நிற்காது. கயிறு கூடவே கூடாது. யோசித்துக்கொண்டே இருந்தபோது ஆணியில் தொங்கிய என் பள்ளிக்கூடக் கோட்டு கண்ணில் பட்டது. போடியில் அதைப் போட்டுக்கொண்டுதான் போட்டோ பிடித்துக்கொண்டேன். பொத்தான்களை அத்தனையும் வெட்டி எடுத்தேன்.

ஒரு வரிசைப் பொத்தான் என் இடுப்புக்கு, இன்னொரு வரிசை அவள் இடுப்புக்கு. ஒரு இழுப்பில் கழல்கிற மாதிரி பொத்தான் மாட்டும் காதுகளைக் கொஞ்சம் தளர்வாகவே வைத்தோம். முடிந்துவிட்டது என்று நான் நிமிர்ந்தபோது மதினி, "இன்னும் ஒரு வரிசை வைங்க" என்றாள்.

"எதுக்கு?"

"புரட்டாசியில இந்தப் பொத்தான் எட்டுமா? இந்த வயிறு இப்படியே நிக்குமா?"

அண்ணனின் கோட்டுப் பொத்தான்களும் போயின. அண்ணன் அப்போதுதான் சிரிப்பை நிறுத்தினான்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. பாலத்தடியில் துரை மணல் மூட்டையோடு நின்றார். நான் பாவாடையைக் காட்டினேன். வாரை இழுத்துப் பார்த்தார். பொத்தான்களை எண்ணாத குறையாகத் தடவினார். "யார் செஞ்சா?" என்றார்.

"நானும் மதினியும்."

ஓரத்து அமைதித் தண்ணீரில், நெஞ்சளவு ஆழத்தில், என்னை உட்கார வைத்துத் தாமே கவிழ்த்தார். குளிர் மண்டையில் அறைந்தது. காதுக்குள் ஆறு கத்தியது. கையில் வார் தட்டுப்பட்டது. இழுத்தேன். எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது, நின்றுகொண்டிருந்தேன், இருமிக்கொண்டிருந்தேன். துரை மணல் மூட்டையைக் காலால் உருட்டி ஓரம் தள்ளினார்.

போனோம்.

எனக்கு எல்லாம் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. முதல் பாறையை நான் ஜன்னலிலிருந்து ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். பக்கத்தில் அது வீடளவு இருந்தது. "இடது! இடது!" என்று பின்னாலிருந்து கத்தினார். நான் வலது பக்கம் துடுப்புப் போட்டேன். இடது பக்கம் திரும்ப அதுதான் வழி என்று புத்தகத்தில் படித்தது கைக்கு நினைவிருந்தது. படகின் விலாக்கள் காலடியில் நெளிந்தன. தண்ணீர் படகின் மூக்கைத் தாண்டி, மார்பில் மோதி, பாவாடையின் மேல் குளமாக நின்று, வழிந்து போயிற்று. உள்ளே என் முழங்கால் காய்ந்திருந்தது! அந்த இரைச்சலுக்கு நடுவில் என் முழங்கால் காய்ந்திருப்பதை நினைத்துத்தான் நான் சிரித்தேன். ஒரு இடத்தில் ஆறு ஒரேயடியாகக் கீழே இறங்கியது. வயிறு மட்டும் மேலேயே தங்கிவிட்டது. தொப்பி போன இடம் தெரியவில்லை. பிறகு சட்டென்று இரைச்சல் பின்னால் போய்விட்டது. மடுவில் படகு தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. துரை தொடையில் அடித்துக்கொண்டு அவர் பாஷையில் ஏதோ பாடினார்.

நாங்கள் கரை சேர்வதற்குள், மேலே நெரையில் நின்று பார்த்த பாதி லயம் இறங்கி வந்திருந்தது. மதினி முன்னால் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நான் எழுந்து நின்றதும் பாவாடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"கிழியல."

"மதினி, இன்னொரு தடவை. துரையும் சரிங்கிறாரு. ஒரே ஒரு..."

"ஒரே ஒரு தடவைன்னுதான் பேச்சு. அது முடிஞ்சுது." பொத்தான்களைப் பட்பட்டென்று கழற்றினாள். "இது காய எம்புட்டு நேரம் ஆகும்? மேகத்தப் பாருங்க."

துரை கரையேறி வந்தார். பாவாடையைப் பார்த்தார், மதினியின் வயிற்றைப் பார்த்தார். அது தம்முடையது என்று சொல்வார் என்று எனக்கு பயம். கையைக்கூட நீட்டினார். மதினி கொடுக்கவும் இல்லை, தலை குனியவும் இல்லை. தண்ணீரைப் பிழிவதுபோல் அதை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டே நின்றாள்.

"நல்ல படங்கு" என்றார் துரை கடைசியில். "வச்சுக்கோ. சீமையிலே வேற வாங்கலாம்."

மேட்டில் ஏறும்போது நான் ஒவ்வொரு பாறையாகச் சொல்லிக்கொண்டே போனேன். எது எந்தப் பக்கம், எங்கே துடுப்புப் போட்டேன், எங்கே படகு இறங்கியது என்று. மதினி பாவாடையைத் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாக ஏறினாள். "கொஞ்சம் மூச்சு விடுங்க தம்பி, கேக்குற எனக்கே இரைக்குது" என்றாள். இரண்டு வளைவு தாண்டி நின்று, ஆற்றைத் திரும்பிப் பார்த்தாள்.

"அங்க இருந்து பாத்தா நம்ம நெரையெல்லாம் எப்படித் தெரியுது?"

நான் யோசித்தேன். ஒரு தரம்தான் தலை தூக்கிப் பார்த்தேன். பெரிய இறக்கத்துக்கு முன்னால். "ரொம்ப உயரத்துல மதினி. யாரோ சீப்பு வச்சு வாரிவிட்ட மாதிரி. ஆளு நின்னாத் தெரியாது போலிருக்கு."

"தெரியாதா?" அவளுக்கு அது பிடிக்கவில்லை. மழை பொட்டுப் பொட்டாக விழ ஆரம்பித்தது. பாவாடையை எடுத்து இடுப்பில் வைத்து, இரண்டாம் வரிசைப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

"எங்களுக்கு உங்களைத் தெரிஞ்சுது" என்றாள். "வாயைத் தொறந்துக்கிட்டே போனீங்க."